இரும்பில் வெட்டிய பெயர்

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

இங்கே நானும் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி விட்டதா? ஆஸ்பத்திரி சலவையில் ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையின் சலூனில் கூட்டம் வருகிறதா, அல்லது ஊரே முடி வளர்க்கிறதா?

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். லாரி வாங்கிவிட்டேன். பழைய வண்டிதான், ஆனால் என்ஜினில் ஒரு முனகல் கிடையாது. இத்தனை வருஷம் அடுத்தவன் வண்டியில் முதலில் கிளீனராகவும் பிறகு டிரைவராகவும் முதுகு தேய்ந்தேன். இப்போது என் வண்டிக்கு நானே ஒரு டிரைவர் வைத்திருக்கிறேன். நல்ல பையன், போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. கல் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றுகிறோம்.

வண்டிக்கு யார் பெயர் என்று நீ கேட்கவே வேண்டாம். பாப்பா பெயர்தான். பெயிண்டில் எழுதினால் ஒரு மழைக்கு வெளுத்துவிடும் என்று நம் தெரு வெல்டரைப் பிடித்தேன். கனமான தகட்டில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி, வண்டியின் முன்னால் இருக்கும் காவல் கம்பியில் பற்றவைத்துக் கொடுத்தார். எழுத்து கம்பியோடு ஒட்டிப் படுத்திருக்கட்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு விரல் வெளியே நீட்டி நிற்க வேண்டும், எதிரே வருகிறவன் தூரத்திலேயே படித்துவிட வேண்டும் என்றேன். அவர் மகளும் நம் பாப்பாவும் கூடவே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சின்னவள், "எங்கப்பா என் பேரை எதுலயும் வெட்டலையே" என்று மூக்கைச் சிந்தினாள். வெல்டர் கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மனுஷன் என்றால் அவர்தான்.

எடைமேடையில் ஒருவன் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "யாரு இவ, உன் சின்ன வீடா?" என்று கேட்டான். பேசி முடிப்பதற்குள் அவன் கீழ்ப்பல் இரண்டு அவன் உள்ளங்கையில் இருந்தன. இனி அந்தப் பெயரை எல்லாரும் மரியாதையாகப் படிப்பார்கள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


ஜனவரி 28

அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தில் இங்கே எல்லாம் ஓடுகிறது. முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு நான் பழகிவிட்டேன். குட்டிக்கு இருமல் விட்டதா என்று நீங்கள் எழுதவே இல்லையே.

லாரி வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். உங்கள் கடிதத்தை இவர் சலூனில் வைத்து உரக்கப் படித்தார், பல் விழுந்த இடம் உட்பட. பெயரைச் சொன்னதும் முடி வெட்ட வந்தவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்களாம். அந்தப் பெயர் வைத்த பெண்கள் சிரிக்கவே மாட்டார்கள் என்றாராம் ஒருவர். தபால்காரருக்கு அது தன்னை வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பெயர். இவருக்கு, சின்ன வயதில் ஒரே கையில் இரண்டு முறை ஊசி குத்திய நர்ஸின் பெயர். எங்கள் சலவை மேஸ்திரியம்மா, அது அவர் கணவரின் முதல் மனைவி பெயர் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்கேலைக் குறுக்காகப் பிடித்து விரல் முட்டியில் அடித்த எங்கள் டீச்சரின் பெயர் அது. உங்களுக்கு மட்டும்தான் அது பெரிய வீட்டுப் பெயர். நீங்கள் கிளீனராக இருந்தபோது உங்கள் முதலாளி மகளுக்கு அந்தப் பெயர். கார்க் கதவைத் திறந்துவிட ஓடுவீர்கள், அவள் உங்கள் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். அந்தப் பெயரை நம் வீட்டுக்குள் வைத்து அதட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டீர்கள்.

அண்ணி வேறு பெயர் ஆசைப்பட்டார். பெயர் வைத்த அன்று அதை மெதுவாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், பாவம். நீங்கள் தட்டை எறிந்தீர்கள். சாகும்வரை அவர் புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது. அதனால்தான் நான் இதுவரை குட்டி என்றே கூப்பிடுகிறேன்.

அண்ணா, ஒரு பெண் குழந்தையின் பெயரை ரோட்டில் போகிற வருகிறவன் வாயில் எல்லாம் எதற்குப் போட வேண்டும்? முடிந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு இருமல் போய்விட்டது, வாய்தான் நீண்டிருக்கிறது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ புத்தி சொல்ல நான் உன் வீட்டுக்காரர் இல்லை. அண்ணி கதையை எத்தனை தடவை எழுதுவாய்? அது கை தவறி விழுந்த தட்டு.

இங்கே வந்து பார். குவாரியிலிருந்து டவுன்வரை டீக்கடை டீக்கடையாக அந்தப் பெயர் தெரியும். "அவ வர்றா, ஓரமா போ" என்று சொல்லி வண்டிகளை ஒதுக்குகிறார்கள். என்னை ஒதுங்கச் சொன்ன ரோடு அது. போன வாரம் எவனோ எழுத்தின் மேல் சாணியை அப்பியிருந்தான். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். அதே சாணியை அவன் வாயில் அடைத்தேன், மூச்சுத் திணறினான். டிரைவர் என் காலைப் பிடித்துக் கெஞ்சியதால் விட்டேன்.

லீவு நாளில் பாப்பாவையும் கேபினில் ஏற்றிக்கொள்கிறேன். தன் பெயர் போகிற வேகத்தை அவளும் பார்க்கட்டும். அவளோடு படிக்கிற பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கை ஆட்டுகிறார்கள். ராணி மாதிரி உட்கார்ந்து வருகிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்


மார்ச் 3

தங்கைக்கு,

நலம். அவசரத்தில் எழுதுகிறேன்.

பாப்பாவை இந்தக் கடிதத்தோடு பக்கத்து வீட்டு அம்மாவின் துணையில் பஸ்ஸில் அனுப்புகிறேன். கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும். வண்டியில் ஒரு சின்னச் சிக்கல், நான் சமாளித்துக்கொள்வேன். அவளிடம் எதையும் கேட்டுத் தோண்டாதே. வெளியில் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. நீதான் குட்டி என்கிறாயே, அதுவே போதும். கடிதத்திலும் பெயர் வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

வணக்கம். குட்டி வந்து சேர்ந்தாள். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் பத்திரிகையில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

பத்திரிகை இங்கேயும் வரும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? சலூனில் அதைப் பிரித்த ஆள் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார். இவர் கையில் இருந்த கத்தி நழுவி ஒருவர் காதைக் கீறிவிட்டது. நானும் பார்த்தேன். பள்ளிக்கூடச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற லாரி. சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். மேலே பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. தலைப்பிலும் அதே பெயர்தான். அது மோதிச் சிறுமி பலி என்று போட்டிருக்கிறார்கள், ஏதோ ஒரு பொம்பளை எழுந்து போய்க் கொன்ற மாதிரி.

சிறுமி யார் என்றும் படித்தேன். வெல்டர் அண்ணனின் மகள். இதுவா சின்னச் சிக்கல்?

இன்னொன்று. குட்டியின் பைக்குள் ஒரு கவுனைச் சுருட்டி வைத்திருந்தீர்கள். நீங்கள் பார்க்காமல் வைத்தீர்களோ, அல்லது சலவைக்காரிதானே, வெளுத்துவிடுவாள் என்று வைத்தீர்களோ தெரியாது. ரத்தத்துக்கு வெந்நீர் காட்டினால் கறை பிடித்துக்கொள்ளும் என்பதால் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்தேன். வாளி முழுக்கச் சிவந்தது. குட்டியை நிற்க வைத்து உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தேன். நெற்றியில் கண்ணாடி கீறிய கோடு, இடது தோளில் ஐந்து விரலும் பதிந்த கன்றல். வாளி சிவக்கிற அளவுக்குக் காயம் எதுவும் இல்லை. அது யாருடைய ரத்தம், அண்ணா?

அவள் பேசுவதில்லை. பூசி மெழுகாமல் உடனே எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதுவது பழக்கம், அதனால் எழுதுகிறேன். பாப்பாவுக்குப் பால் கொடு.

நடந்ததைச் சொல்கிறேன், இதோடு விடு. டிரைவர் வண்டியை இறக்கத்தில் கண்மண் தெரியாமல் விட்டுவிட்டான். குடித்திருந்தான் என்று சொல்கிறார்கள். பள்ளிக்கூட வளைவில் வண்டி சுவரில் ஏறிவிட்டது. அந்தச் சின்னவள் சுவரோரம் நடந்து வந்திருக்கிறாள். பாப்பா அந்தப் பக்கம் எதற்கோ போனவள் பார்த்துவிட்டாள், ரத்தம் அப்படி ஆனதுதான்.

ஜனங்கள் டிரைவரைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டியில் இருந்த ஜல்லியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆளுக்கொரு கல். அவன் கையால் முகத்தை மூடியிருக்கிறான், கையோடு சேர்த்து முகமும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். போலீஸ் கேஸை அவன் பெயரிலேயே எழுதி முடித்துவிட்டது.

வெல்டர்தான் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி மகளைப் பார்த்திருக்கிறார். அவர் வெட்டிய எழுத்துகள் நெஞ்சில் அப்படியே இறங்கியிருந்தனவாம், படிக்க முடிகிற மாதிரி. சம்மட்டியோடு என் வீட்டுக்கு வந்து கதவைப் பிளந்தார். "உன் பொண்ணைக் கூப்பிடு. என் புள்ள மேல இருக்கிற பேருக்கு முகம் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும்" என்றார். ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன் என்றேன். நம்பவில்லை. பீரோ, கண்ணாடி, பானை என்று கண்ணில் பட்டதை எல்லாம் உடைத்தார். நானும் எவ்வளவுதான் பொறுப்பது? கட்டையை எடுத்து அவர் முழங்கையில் ஒன்று போட்டேன். சத்தம் கேட்டது. அதற்கப்புறம் போனார்.

பாப்பாவுக்கு வேறு பெயர் யோசி. உனக்குத்தான் அது பிடிக்காதே, இப்போது சந்தோஷம்தானே.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். உங்கள் வீட்டுக் கதவைச் சரி செய்துவிட்டீர்களா?

எனக்குச் சந்தோஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நாக்கில் நரம்பே கிடையாதா?

குட்டியை இங்கே பள்ளியில் சேர்த்தோம். சான்றிதழில் இருப்பது பழைய பெயர்தானே. டீச்சர் அதைப் படித்ததும் வகுப்பே திரும்பிப் பார்த்திருக்கிறது. "லாரி, லாரி" என்று ஒருவன் ஆரம்பிக்க, எல்லோரும் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். இவள் பதில் சொல்லாமல் தன் கையையே கடித்துக்கொண்டாள். டீச்சர் தாடையைப் பிடித்துப் பிரித்தும் விடவில்லை. சதை பிய்ந்துவிட்டது. மூன்று தையல். மறுநாளிலிருந்து என்னோடு சலவைக்கு வருகிறாள். உலர்ந்த தலையணை உறைகளை மடித்துக் கொடுப்பாள்.

அங்கேயும் இதே பேச்சுத்தான். பாய்லர் பக்கத்தில் வேலை செய்கிற ஒருத்தியின் மகளுக்கும் இதே பெயர். மாற்றிவிடப் போகிறாளாம், கூப்பிட்டாலே உடம்பு நடுங்குகிறதாம். "பேரு என்னம்மா பண்ணும், வெச்சவனைச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி. இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ஒருத்தி மற்றவள் கையில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டாள். தோல் பெட்டியோடு வந்துவிட்டது. குட்டி அவ்வளவையும் பார்த்துக்கொண்டு உறைகளை மடித்தாள். அவள் யாருடைய மகள் என்று மேஸ்திரியம்மாவைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

அண்ணா, உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். எதற்கோ அந்தப் பக்கம் போனவளின் நெற்றியில் வண்டிக் கண்ணாடி எப்படிக் கீறும்? அவள் கேபினில் இருந்தாள். நீங்கள் கூட இல்லாமல் அவளைக் கேபினில் ஏற்ற உங்கள் டிரைவருக்குத் தைரியம் வருமா? எனக்குக் காது குத்த வேண்டாம். வண்டியை ஓட்டியது யார்?

தங்கை


மே 6

அண்ணனுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உங்கள் பக்கத்து டீக்கடைக்காரரிடம் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

குட்டி பேசிவிட்டாள். நான் கேட்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா டிரைவரை பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற டீக்கடையில இறக்கி விட்டுட்டு அவரே ஓட்டினாரு அத்தை. ஒரு பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே முந்திப் போனான். 'உன் பேரை முந்திட்டுப் போறான் பாரு'ன்னு சொல்லிட்டு அப்பா வண்டியை மிதிச்சாரு. வளைவுல அவ சுவரோரமா வந்துக்கிட்டிருந்தா. என்னைப் பாத்துக் கை ஆட்டினா. அப்புறம் கண்ணாடி உடைஞ்சுது. நான் இறங்கி ஓடி அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். வரல. எழுத்துல மாட்டிக்கிட்டிருந்தா. அவ கண்ணு என்னையே பாத்துச்சு. அப்பா என் தோளைப் பிடிச்சு இழுத்துட்டு சந்து வழியா ஓடிட்டாரு. சத்தம் கேட்டு டிரைவர் அண்ணன் டீக்கடையில இருந்து ஓடி வந்தாரு. அவரைத்தான் அடிச்சாங்க. அவர் 'நான் இல்ல'ன்னு கத்தினது சந்து வரைக்கும் கேட்டுது. அப்பா என் காதைப் பொத்தினாரு."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு மீதிக் கிளிப்புகளைத் தொட்டியில் போட்டாள்.

அந்த டிரைவர் உன் காலைப் பிடித்து இன்னொருவன் உயிரைக் காப்பாற்றினான் என்று நீயே எனக்கு எழுதினாய். அவன் பெண்டாட்டி இன்றைக்குக் குடிகாரன் மனைவி, கொலைகாரன் மனைவி என்று பேர் வாங்கிக்கொண்டு தெருவில் நடக்கிறாள். மகளைப் பறிகொடுத்தவரின் கையை உடைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அண்ணன் என்று கூப்பிட எனக்கு வாய் கூசுகிறது. ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்று சொல். அதற்கப்புறம் உனக்குச் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்க நான் இருக்கிறேன், சத்தியமாக வருவேன். ஆனால் நீ சொல்ல வேண்டும்.

தங்கை


மே 21

தங்கைக்கு,

நலம், நலம், நலம். போதுமா?

சின்னப் பிள்ளை உளறுவதைக் கேட்டுக்கொண்டு எனக்கு உத்தரவு போடுகிறாயா? நீ வா போ என்று எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டாய். செத்தவன் ஜெயிலுக்குப் போகப் போவதில்லை. கேஸ் முடிந்துவிட்டது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அவன் பெண்டாட்டி இங்கேயும் வந்தாள். "எங்க வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டாரு, உண்மையைச் சொல்லுங்க" என்று படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. காலால் ஒரு தள்ளுத் தள்ளினேன், உருண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனாள். பிள்ளை உண்டாகியிருந்தாளாம், அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

லாரியை உடைக்கப் போட்டுவிட்டேன். எழுத்தைத் தனியாக அறுத்துக் கொடுத்தார்கள், கிணற்றில் போட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அங்கே வருகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறேன். அவளுக்குப் புதுப் பெயரும் பார்த்தாகிவிட்டது. கேபினில் இருந்தேன், கையைப் பிடித்தேன் என்று இன்னொரு தரம் வாயைத் திறந்தால் அந்த வாய் இருக்காது. அவள் அம்மாவுக்குப் புரிய வைத்த மாதிரி அவளுக்கும் புரிய வைப்பேன். அதுவரை நீ பூட்டி வை. உன் வீட்டுக்காரர் குறுக்கே வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான்.

அண்ணன்


மே 30

அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். இதைப் பொறுமையாகப் படி.

இன்று காலை வெல்டர் அண்ணன் வந்தார். என் கல்யாணத்துக்கு இரும்புக் கட்டில் செய்து தானே தூக்கி வந்து இறக்கியவருக்கு என் வீடு தெரியாதா? வலது கை மடக்கியபடியே நிற்கிறது, நீட்ட வரவில்லை. சம்மட்டியை இடது கையில் பிடித்திருந்தார். இவர் சலூனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சவரக் கத்தியைப் பிரித்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். இந்த மனுஷன் ஒரு கரப்பான்பூச்சியை அடித்து நான் பார்த்ததில்லை.

"அவன் பொண்ணு இங்கதானே இருக்கா?" என்றார்.

இல்லை என்றேன். உள்ளே இருப்பது எங்கள் பெண் என்று நாக்கூசாமல் பொய் சொன்னேன். பெயர் கேட்டார். வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

குட்டி உள்ளே இருந்து வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து அவர் முன்னால் போய் நின்று, தன் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும் சொன்னாள். அவர் சம்மட்டியை ஓங்கினார். இவர் கத்தியோடு பாய்ந்தார். சம்மட்டி நிலைக்கட்டையில் இறங்கி மரம் பிளந்தது, கத்தி அவர் முன்னங்கையைக் கிழித்தது. படியெல்லாம் ரத்தம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் சொன்னாள். "இன்னொரு தடவை" என்றார். அதையும் சொன்னாள். பிறகு அவளாகவே, "அப்பாதான் ஓட்டினாரு மாமா. நான் பக்கத்துல இருந்தேன். அவ கையைப் பிடிச்சு இழுத்தேன், வரல" என்றாள்.

அவர் சம்மட்டியைக் கீழே இறக்கினார்.

"டிரைவர்?"

"அவர் டீக்கடையில இருந்தாரு."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "முதல் கல்லு நான் போட்டேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "அவன் 'நான் இல்லண்ணே, நான் இல்லண்ணே'ன்னு என் பேரைச் சொல்லிக் கும்பிட்டான். நான்தான் போட்டேன்."

நான் துணியைக் கிழித்து அவர் கையில் கட்டினேன். குட்டி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார், அவளும் குனியவில்லை. அவர் மகள் வகுப்பில் எங்கே உட்காருவாள், யாரோடு சாப்பிடுவாள் என்று கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். இங்கே வந்த நாள்முதல் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவர் எழுந்தார். "அவன் வீட்டுலதான் இருக்கானா?" என்று என்னைக் கேட்டார். வீட்டில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்புகிறார் என்றேன். சம்மட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் அவர் வந்துவிடுவார்.

அவர் போனதும் குட்டியை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பெயரால் அவளை நான் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "என்ன அத்தை?" என்று வந்து நின்றாள். வேறு பெயர் அவளுக்கு வேண்டாமாம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு முனையில் தபால் ஆபீஸும் போன் பூத்தும் அடுத்தடுத்து இருக்கின்றன. உன் பக்கத்து டீக்கடை நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தை சொன்னால் கடைக்காரர் ஓடி வந்து உன் கதவைத் தட்டுவார். பூத் வாசலில் போய் நின்றேன். உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசணுமாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் போய்த் தபால் கவர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தங்கை